சந்தனத்தை அழித்த படம்

அம்சா ஃபால்ஸ் துணிகளை வாளித் தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். புடவையின் அடிவிளிம்பில் வைத்துத் தைக்கிற பட்டைத் துணி அது. கடையில் வாங்கினபடியே வைத்துத் தைத்தால் முதல் துவைப்பில் சுருங்கி, புடவையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். திருத்தணியில் இத்தனை பொறுமை நிறைய பேருக்குக் கிடையாது. அம்சாவுக்கு இருந்தது. "சுருங்கிச்சின்னா எங்கிட்டதான வருவாங்க. எவ மூஞ்சில முழிக்கிறது?" என்பாள். அரக்கோணம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற நாலைந்து தெருக்களில் அவளிடம் புடவை கொடுக்காத வீடு இல்லை.

அன்று அவள் கணவன் கோதண்டபாணியும் வீட்டில் இருந்தான். கே.ஜி.கண்டிகைக்கும் திருத்தணிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டி மெக்கானிக்கிடம் கிடந்ததால் வாசற்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டு, கொஞ்ச நாளாக மனதில் இருந்த ஒரு சந்தேகத்தை அவளிடம் கேட்டான்.

"ஜனங்களுக்கு இன்னா ஆச்சின்னு தெரியல அம்சா. முந்தாநேத்து கண்டிகைல ஒரு அம்மா அரிசி மூட்டையோட ஏறுச்சி. தூக்கி வெக்கலாம்னு போனா, கைய தட்டி வுடுது. 'நீ தூக்காத நைனா, நீ போயி ஒக்காரு'ன்னுது. நான் இன்னா புள்ளத்தாச்சியா?"

அம்சா வாளிக்குள் குனிந்தாள். "வயசுக்கு மரியாத குடுத்திருப்பாங்க."

"எனக்கா வயசு? அத வுடு. டீக்கட ராஜமாணிக்கம் டீல சக்கரயே போட மாட்டன்றான். கேட்டா, 'சக்கர அந்த சனியனுக்குத் தீனி-ண்ணா, வேணாம்'னு கண்ண தொடச்சிக்கிறான். எந்த சனியன்டான்னா பதில் இல்ல."

அம்சா பச்சை ஃபால்ஸைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். எந்தச் சனியன் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தன் புருஷன் உடம்பில் கொண்டுபோய் வைத்தவளே அவள்தான்.

போன வருஷம் கோடையில் குளிக்கும்போது அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவள் அம்மா மார்பில் புற்று வந்து போனவள். காத்திருக்க முடியாமல் அம்சா ஒருநாள் போனை எடுத்து, மார்பில் கட்டி என்று போட்டுத் தேடினாள். அதற்குப் பிறகு போன் அவளை விடவில்லை. சமையல் வீடியோ பார்க்கப் போனால் நடுவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் வந்து விரலை நீட்டி, உங்கள் பிள்ளைக்கு அம்மா வேண்டாமா என்று கேட்டார். இன்றே உங்கள் சமையலறையிலிருந்து இந்த எண்ணெயைத் தூக்கி எறியுங்கள் என்றது இன்னொன்று. அம்சா எறிந்தாள். அப்புறம் உப்பை எறிந்தாள். தோசைக்கல்லை எறிந்தாள்.

"அடுத்து எத எறியப் போற, என்னியா?" என்று கோதண்டபாணி கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அன்று சாயங்காலமே மலை இருக்கிற பக்கம் பார்த்து நின்று, ஒன்றும் இல்லை என்று வந்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டான்.

ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. கோதண்டபாணி விரதம் இருந்தான். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. கிருத்திகையன்று அடிவாரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு மஞ்சள் வேட்டியோடு காவடியைத் தோளில் வைத்துப் படியேறினான். மேலே போனதும் மகன் போனில் ஒரு படம் எடுத்தான். தலை முழுக்கச் சந்தனம், உள்ளே போன கண், எலும்பு தெரிகிற மார்பு, உலர்ந்த உதடு. பின்னால் அரோகரா போடுகிற கூட்டம். அம்சா அதைத்தான் தன் போனைத் திறந்ததும் தெரிகிற படமாக வைத்துக்கொண்டாள்.

ரிசல்ட் நல்லபடி வந்தாலும் அவள் பயம் போகவில்லை. போனில் வருகிறவர்களும் போகவில்லை. ஆயுள்வேர் என்று ஒரு சத்துப்பொடி. நோய் வந்த பிறகு அழுவதா, வருமுன் காப்பதா என்று கேட்டு ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். அம்சா நம்பரைத் தட்டிய மறுநாளே டில்லிபாபு வீடு தேடி வந்தான். அந்த ஏரியாவுக்கு அவன்தான் லீடர். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் பை. பையைத் திறக்கவே இல்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, "அம்மாவாக்கா? அவங்களுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டான். அம்சா சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் அழுது முடித்த பிறகுதான் அவன் பையிலிருந்து டப்பாவை எடுத்தான்.

அது ஒரு பாடம் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. "நீங்க எல்லார் வூட்டுக்கும் உள்ள வரைக்கும் போறவங்கக்கா, உங்கள மாதிரி ஆளு கெடைக்காது" என்று சொல்லி அவளையும் விற்பனையில் சேர்த்துக்கொண்டான். பேன்சி ஸ்டோர் மாடியில் வாடகைக்கு எடுத்த ஹாலில் வகுப்பு நடந்தது. வீட்டுக்குள் போனதும் மாலை போட்ட படம் இருக்கிறதா என்று பார். அவருக்கு என்ன ஆச்சு என்று கேள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை டப்பாவை வெளியே எடுக்காதே. இங்கிலீஷ் மருந்தை நிறுத்து என்று ஒருபோதும் சொல்லாதே, கேஸ் ஆகும். எங்கள் வீட்டில் இதைத்தான் சாப்பிட்டோம் என்று மட்டும் சொல். மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

அம்சாவுக்குப் படம்கூடத் தேவைப்படவில்லை. எந்த வீட்டில் யார் எதனால் போனார்கள், எவளுக்கு மாதவிலக்கு நிற்காமல் போகிறது, எவள் மாமியாருக்குத் தெரியாமல் ஸ்கேன் எடுத்தாள் என்பதெல்லாம் புடவை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அவளிடம் சொல்லப்பட்டவை. ஒருத்தியிடம் ஃபால்ஸ் கலரைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே, "உங்க அக்காவுக்கும் மொதல்ல இப்பிடித்தான அசதியா இருந்திச்சி?" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. அன்றே டப்பா வாங்கினாள். தெருவில் இறங்கி நடக்கும்போது அம்சாவுக்கு என்னவோ போல் இருந்தது. கேழ்வரகும் கொள்ளும் ஏதோ வேரும்தானே, யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்துக்கொண்டாள். முதல் கமிஷனில் மிக்ஸி வாங்கினாள்.

ஒருநாள் டில்லிபாபு, சாட்சி வேண்டும் என்றான். "படம் இருந்தாத்தான்கா ஜனம் நம்பும்." பேசிக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் இருந்த அவள் போன் ஒளிர்ந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"யாருக்கா இது?"

"எங்க வூட்டுக்காரருதான். கிருத்திகைக்கி மொட்ட போட்டப்ப எடுத்தது."

"சூப்பரா இருக்கே!"

வேண்டுதலைத்தான் மெச்சுகிறான் என்று அவள் நினைத்தாள். அனுப்பச் சொன்னான், அனுப்பினாள். தலை நிறைய முடியோடு ஒரு படம் கேட்டான். தன் தம்பி கல்யாணத்தில் எடுத்த பழைய படத்தை அனுப்பினாள். மறுநாள் இரண்டும் சேர்ந்து ஒன்றாக வந்தது. இடது பக்கம் மொட்டை. தலையில் சந்தனத்தைக் காணோம். காவடியும் கூட்டமும் போய், பின்னால் ஆஸ்பத்திரிப் பச்சைத் திரை தொங்கியது. வலது பக்கம் கல்யாணப் படம். நடுவில் ஓர் அம்புக்குறி. கடைசிக் கட்டம் என்று டாக்டர்கள் கைவிட்டார்கள், ஆயுள்வேர் கைவிடவில்லை. அதற்குக் கீழே அம்சாவின் போன் நம்பர்.

அவள் பதறிப்போய் அவனைக் கூப்பிட்டாள். "வேணாங்க. அவரு பாத்தா இன்னா ஆவறது? ஊரு ஜனம் பாத்தா?"

"அக்கா, திருத்தணில யாரு இத அனுப்பப் போறா? இங்கதான் மொட்டைன்னா வேண்டுதல்னு தெரியும். வெளியூருக்குத்தான் போவும். ஒருத்தராவது பயந்துபோயி ஒழுங்கா ஒடம்ப பாத்துகினா புண்ணியந்தான?"

அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று இன்னொரு தடவையும் சொல்லவில்லை. போன் வர ஆரம்பித்தது. யார் என்ன கேட்டாலும் முதலில் அந்தப் படத்தை அவளே அனுப்ப ஆரம்பித்தாள்.

அப்படிப் பேசினவர்களில் ஒருத்தி தேவிப்பிரியா. பள்ளிப்பட்டுக்காரி. புருஷன் வீரபத்திரன் விசைத்தறி ஓட்டுகிறவன். கழுத்தில் கட்டி. சென்னைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், வந்தால் ஒரு வாரம் வாந்தி. "அண்ணனும் மருந்து ஏத்திகினாராக்கா?" என்று முதல் நாளே கேட்டாள். அம்சா ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, "எங்க வூட்ல இதான் சாப்ட்டோம்மா" என்றாள். பிறகு மாதாமாதம் பள்ளிப்பட்டு பஸ்ஸில் டப்பா போனது. கட்டி பெரிசாகிற மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டாள். உள்ளே இருக்கிற கழிவு வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும், பிறகு கரைந்துவிடும் என்று டப்பாவோடு வந்த நோட்டீஸில் இருந்ததை அம்சா படித்துச் சொன்னாள்.

இப்போது படம் எப்படியோ சுற்றித் திருத்தணிக்கே வந்துவிட்டது. ஒரு வாரமாக அம்சாவுக்கு அது தெரியும். கோதண்டபாணி போனை எடுத்தால் பேசுவான், வைப்பான். வேறெதுவும் பார்க்க மாட்டான். அந்த ஒரு தைரியத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வாளித் தண்ணீரைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"அம்சாக்கா வூடு இதாங்க?"

முகத்தைப் பார்க்கும் முன்பே யார் என்று தெரிந்துவிட்டது. எத்தனையோ தடவை காதுக்குள் கேட்ட குரல்.

"நான்தான்கா, பள்ளிப்பட்டு தேவிப்பிரியா. மலைக்கி வந்தோம். இவ்ளோ தூரம் வந்துட்டு அண்ணன பாக்காம போறதான்னு கேட்டுகினே வந்துட்டோம்." கையில் வாழைப்பழப் பை. பக்கத்தில் வெயிலிலும் குல்லா போட்டு, கழுத்தில் துண்டு சுற்றின மனிதன்.

அம்சாவுக்கு ஈரக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "அவரு... வந்து..." என்று இழுத்தாள்.

"நான் இங்கதான் இருக்கறன்" என்று கோதண்டபாணி படியிலிருந்து எழுந்தான். "உள்ள வாங்க. வெயில்ல நிக்க வெச்சிகினு இன்னா பேச்சு? அம்சா, தண்ணி குடு."

உள்ளே போனதும் தேவிப்பிரியா அவனை நன்றாகப் பார்த்தாள். கை தானாகக் கூப்பிக்கொண்டது. புருஷனின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "பாவா, பாத்தியா? அண்ணன்தான். அதே மூக்கு. தலைய பாரு, எப்பிடி மொளச்சிருக்கு!"

வீரபத்திரன் குல்லாவைக் கழற்றி நாற்காலி முனையில் மாட்டினான். வழவழவென்று இருந்தது தலை. புருவத்திலும் முடி இல்லை. கோதண்டபாணியின் தலையையே கண் எடுக்காமல் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "எத்தினி மாசத்துல வந்துச்சிண்ணா?"

"முடியா? அது வந்துடும் தம்பி. நான் ஆடிக்கி எடுத்தது, தீபாவளிக்கி சீப்பு வெச்சிட்டன்."

"கேட்டியா பாவா!" தேவிப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நீங்க இன்னா வேண்டுதல்?" என்று கோதண்டபாணி கேட்டான்.

"வேண்டுதல் இல்லண்ணா. மருந்து ஏத்துனதுல கொட்டிடிச்சி. இப்ப நிறுத்திட்டன். உங்கள மாதிரியே."

"என்ன மாதிரியேவா?"

தண்ணீர் சொம்போடு வந்த அம்சா அறைவாசலிலேயே நின்றுவிட்டாள். தேவிப்பிரியா அதற்குள் போனைத் திறந்து கோதண்டபாணியிடம் நீட்டிவிட்டாள். "இதப் பாத்துதாண்ணா எங்களுக்கு உசுரே வந்திச்சி. தெனம் காலைல இவருக்குக் காட்டிட்டுத்தான் பவுடரக் கலக்குவன்."

கோதண்டபாணிக்கு வெள்ளெழுத்து. போனை எட்டத் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டினான். "கடைசி... கட்டம்... டாக்டர்கள்..." நிறுத்தினான். இடது பக்கப் படத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். அழுக்கு ஒட்டியிருந்தால் துடைப்பது போல. பிறகு அம்சாவைப் பார்த்தான்.

"சந்தனம் எங்க?"

அம்சா சொம்பைக் கீழே வைத்தாள். இன்னும் ஒரு பொய் சொல்லலாம். டில்லிபாபு என்றால் சொல்லியிருப்பான். வீரபத்திரன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அவளால் அது முடியவில்லை.

"அவருக்கு ஒண்ணும் இல்லமா" என்றாள் தேவிப்பிரியாவிடம். "எதுவும் வரல. அது சாமிக்கி எடுத்த மொட்ட. எனக்காவ எடுத்தது. படத்த மாத்திட்டாங்க. அந்தப் பவுடர அவரு ஒரு நாளு கூட வாயில வெச்சதில்ல."

தேவிப்பிரியா புரியாமல் சிரித்தாள். "இல்லக்கா, நீ சொன்னியே. எங்க வூட்ல இதான்னு..."

"சொன்னன்."

"ஆனா எனக்கு சோறு எறங்குதுக்கா" என்றான் வீரபத்திரன் அவசரமாக. விட்டுவிட மனமில்லாதவன் மாதிரி. "வாந்தி இல்ல. நடக்கறன். மலைக்கி பாதி தூரம் ஏறிட்டன், கேளுங்க இவள."

"மருந்த நிறுத்தனா வாந்தி நின்னுடும் தம்பி" என்று கோதண்டபாணி தணிந்த குரலில் சொன்னான். "துண்ட கொஞ்சம் எடு."

துண்டை எடுத்தான். எலுமிச்சம்பழம் போல் ஒன்று காதுக்குக் கீழே புடைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சின்னது.

"மொதல்ல பெருசாயி அப்பறம் கரையும்னு அக்கா சொன்னாங்க" என்றாள் தேவிப்பிரியா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற குரல். அம்சாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"அது நோட்டீஸ்ல போட்டிருந்ததுமா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பவுடர கொட்டிடுங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கிப் போயிடுங்க."

"நாளைக்கி இன்னா நாளைக்கி?" கோதண்டபாணி கொடியில் இருந்த சட்டையை எடுத்து மாட்டினான். "இன்னிக்கே. இப்ப சென்னைக்கி ட்ரெய்ன் இருக்கு. நான் கூட வரன், எனக்கு இன்னிக்கி வண்டி இல்ல. ராத்திரி அங்கியே படுத்துகினா காலைல மொதல் சீட்டு நம்மது. வா தம்பி, மெதுவா நட. ஸ்டேஷனுக்கு ஒரு ஆட்டோவ புடிக்கலாம்."

வீரபத்திரனைத் தோளில் கைகொடுத்து எழுப்பினான். அம்சாவைக் கடக்கும்போது நின்றான். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ராஜமாணிக்கம் சக்கர போடாதது இதுக்குத்தானா" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

அறையில் இரண்டு பெண்களும் நின்றார்கள். மேஜையடியில், அனுப்புவதற்காகக் கட்டி வைத்திருந்த டப்பாக்கள் இருந்தன. மேலே இருந்ததில் பள்ளிப்பட்டு என்று அம்சாவின் கையெழுத்தில் எழுதியிருந்தது. தேவிப்பிரியா அதைப் பார்த்தாள். காலால்கூடத் தள்ளவில்லை. வேறு ஏதோ நினைவு வந்தவள் போலச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில கேப்பாங்கக்கா."

"இன்னாமா?"

"மருந்து ஏத்த ரெண்டு தடவ ஏன் வரலன்னு கேப்பாங்க. அந்த டாக்டரம்மா மொதல்லியே படிச்சிப் படிச்சி சொன்னாங்க. 'எவன் எது சொன்னாலும் நடுவுல வுட்றாதீங்க'ன்னு. தலைய ஆட்டிட்டு வந்தன். இப்ப அந்தம்மா மூஞ்சப் பாத்து இன்னான்னு சொல்லட்டும்?"

அம்சா வாயைத் திறந்தாள். இந்த ஒரு வருஷத்தில் எந்தக் கேள்விக்கு எப்படிப் பேச வேண்டும் என்று கற்றிருந்தாள். கற்றது எல்லாமே வரிசையாக வந்து நின்றது. ஒன்றுகூட இங்கே சொல்லக்கூடியதாக இல்லை.

"நீயே ஒண்ணு சொல்லிக் குடுக்கா" என்றாள் தேவிப்பிரியா. "உனக்குத்தான் பேச வருது."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். வெளியே கொடியிலிருந்து ஃபால்ஸ் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. தெருமுனையில் ஆட்டோ ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. வரச்சொல்லிக் கோதண்டபாணி கூப்பிட்டான்.

தேவிப்பிரியா நாற்காலி முனையில் மாட்டியிருந்த குல்லாவை எடுத்துக்கொண்டாள். வாழைப்பழப் பையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.